ஏடு தொகுத்த வேந்தர்: தஞ்சை இரண்டாம் சரபோஜி

காவிரி பல கிளைகளாய்ப் பிரிந்து கடல் நோக்கிச் செல்லும் தஞ்சைத் தரணியை நெற்களஞ்சியம் என்று போற்றுவது மரபு. குதிரோ பத்தாயமோ இல்லாத உழவர் வீடு அந்நாளில் இங்கு அரிது. விளைந்த நெல் முழுவதையும் உண்டு தீர்த்துவிட்டால் அடுத்த பட்டத்துக்கு விதை இராது என்பதை உழவர் அறிவர். ஆகவே விதைநெல்லைத் தனியே காத்து வைப்பர். நெல்லுக்கு அமைந்த பத்தாயம் போல எழுத்துக்கும் ஒரு பத்தாயம் தஞ்சையில் அமைந்தது. அதுவே சரசுவதி மகால் நூலகம். நாயக்க மன்னர் காலத்தில் தோன்றி, மராத்திய மன்னர் காலத்தில் வளர்ந்த அந்நூலகத்தைத் தம் வாழ்நாள் உழைப்பால் நிறைத்தவர் இரண்டாம் சரபோஜி மன்னர். அவருடைய வாழ்வு, நாட்டை இழந்த ஒருவர் நூலைத் தேடிய வாழ்வு எனலாம்.

இருளில் கழிந்த இளமை

சரபோஜி 1777ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் போன்சலே மரபின் கிளைக்குடி ஒன்றில் பிறந்தார். பிள்ளைகளை இழந்து நோயுற்றிருந்த துளஜா மன்னர், 1787ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவரைத் தத்தெடுத்துக் கொண்டார். அப்போது சிறுவனுக்கு ஒன்பது வயது. தத்தெடுத்த தந்தை அவ்வாண்டே மறைந்தார். துளஜாவின் சகோதரர் அமர்சிங் முதலில் சிறுவனின் பாதுகாவலராகவும், பின்னர்க் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஒப்புதலுடன் அரசராகவும் ஆனார். தத்தெடுப்புச் செல்லாது என்று பண்டிதர் சிலரிடமிருந்து கருத்தும் பெறப்பட்டது.

அரியணைக்கு உரியவன் எனப்பட்ட சிறுவன் அரண்மனைக்குள்ளேயே அடைபட்டான். கல்வி கிட்டவில்லை. துளஜா இறக்கும் தறுவாயில் தம் மகனைக் கிறித்தியான் பிரெடரிக் சுவார்ட்சு என்னும் செருமானியப் பாதிரியாரின் பொறுப்பில் ஒப்படைத்திருந்தார். தரங்கம்பாடிக்கு 1750இல் வந்து, பின்னர்த் திருச்சிராப்பள்ளியிலும் தஞ்சையிலும் வாழ்ந்தவர் அவர். சிறுவனின் நிலை குறித்துச் சென்னையிலிருந்த கம்பெனி ஆட்சியாளரிடம் அவர் இடைவிடாது முறையிட்டார். அதன் பயனாகச் சரபோஜி 1793இல் சென்னைக்கு அனுப்பப்பட்டார். அங்கே கெரிக் பாதிரியாரிடம் அவருடைய ஆங்கிலக் கல்வி தொடர்ந்தது. சிறையனைய அரண்மனையிலிருந்து வெளிவந்த இளைஞருக்குப் புத்தகமே முதல் உரிமையாகக் கிடைத்தது என்பது அவருடைய பின்வாழ்வை விளக்கும் குறிப்பாகும்.

தத்துரிமை மீண்டும் ஆராயப்பட்டு, செல்லும் என முடிவாயிற்று. அம்முடிவுக்காகப் பாடுபட்ட சுவார்ட்சு 1798 பிப்ரவரி 13ஆம் நாள் தஞ்சையில் காலமானார். மாணவர் முடிசூடியது அவ்வாண்டு சூன் இறுதியில். ஆசிரியர் அதைக் காண இல்லை. பின்னாளில் சரபோஜி இங்கிலாந்தின் புகழ்பெற்ற சிற்பி ஜான் பிளாக்சுமனைக் கொண்டு பளிங்கில் ஒரு நினைவுச் சிற்பம் செய்வித்துத் தஞ்சைத் தேவாலயத்தில் நிறுவினார். இறக்கும் ஆசிரியரின் படுக்கையருகே மாணவர் நிற்கும் காட்சி அதில் செதுக்கப்பட்டுள்ளது. சைவ நெறியில் நின்ற ஓர் அரசர், தம் சமயத்தை விட்டு விலகாமலே, பிற சமய ஆசிரியருக்குச் செலுத்திய நன்றிக்கடன் அது.

நாடில்லாத முடி

முடிசூடிய மறு ஆண்டே, 1799 அக்டோபர் 25ஆம் நாள், சரபோஜி ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட நேர்ந்தது. அதன்படி தஞ்சை நாட்டின் ஆட்சி முழுவதும் கம்பெனியின் கைக்குச் சென்றது. அரசருக்குக் கோட்டையும் அதன் சுற்றுப்புறமுமே எஞ்சின. ஆண்டுக்கு ஓர் இலட்சம் வராகனும், நாட்டின் நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் அவருக்கு அளிக்கப்பட்டன. அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. படையும் வரியும் நீதியும் கையை விட்டுப் போன பின், முப்பத்திரண்டு ஆண்டுகள் அவர் அரசர் என்ற பெயரோடு வாழ்ந்தார்.

இத்தகைய நிலையில் பொழுதுபோக்கிலும் ஆடம்பரத்திலும் கரைந்துபோன சிற்றரசர்கள் பலர். சரபோஜியிடமும் கம்பெனியாரை மகிழ்விக்கும் போக்கு இல்லாமல் இல்லை. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாகச் சேதுபாவாசத்திரத்தின் அருகே கடற்கரையில் அவர் எழுப்பிய மனோரா கோபுரம் அதற்குச் சான்றாக நிற்கிறது. எனினும் தமக்கு வந்த பொருளின் பெரும் பயனை அவர் கண்டது தொகுப்பதிலும், தொகுத்ததைப் பயன்படுத்துவதிலுமே.

தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று மதிலில் போன்சலே மரபின் வரலாற்றை மராத்தி மொழியில் மிக நீண்ட கல்வெட்டாக 1803இல் பொறிக்கச் செய்தார். நாட்டை ஆளும் உரிமை போய் நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. சோழன் எழுப்பிய கற்சுவரில் தம் மரபின் கதையை எழுதி வைத்த செயலில், எழுத்து ஒன்றே அழியாது நிற்கும் என்ற அவருடைய நம்பிக்கை புலனாகிறது.

தொகுப்பும் அதன் பயனும்

சரபோஜி ஐரோப்பிய நூல்களை வரவழைத்து வாங்கினார். ஆங்கிலம், பிரெஞ்சு, செருமன், இலத்தீன் முதலிய மொழிகளில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட அச்சு நூல்கள் அவ்வாறு சேர்ந்தன. பல நூல்களில் அவர் ஆங்கிலத்தில் தம் கையொப்பத்தை இட்டிருக்கிறார். மனித முகத்தையும் விலங்கின் முகத்தையும் ஒப்பிட்டுப் பிரெஞ்சு ஓவியர் லெ பிரன் வரைந்த படங்களும், சீன நாட்டுத் தண்டனை முறைகளைக் காட்டும் ஓவியங்களும் அத்தொகுப்பில் உள்ளன. பார்த்து வியக்கும் பொருள்களோடு நின்றிருந்தால் அது ஒரு செல்வரின் காட்சிக்கூடமாகவே முடிந்திருக்கும்.

மருத்துவ நூல்களைத் தொகுத்தவர், தன்வந்திரி மகால் என்னும் மருத்துவ நிலையத்தையும் நடத்தினார். நாட்டு வைத்தியமும் மேலை மருத்துவமும் அங்கே அருகருகே பயன்பட்டன. கண்நோயாளிகளின் நோய்க்குறிப்புகள் கண்ணின் வண்ணப் படங்களுடன் ஏடுகளாகப் பேணப்பட்டு இன்றும் எஞ்சியுள்ளன. பயன்கண்ட மருந்து முறைகளைத் தமிழ்ப் புலவர்களைக் கொண்டு செய்யுளாக்கச் செய்தார். அவை சரபேந்திர வைத்திய முறைகள் என்னும் பெயரில், நோய்வாரியாகத் தனித்தனி நூல்களாக, பிற்காலத்தில் சரசுவதி மகால் வெளியீடுகளாக வந்தன. ஏட்டைப் படிக்க இயலாதவரும் மனத்தில் இருத்திக்கொள்ளத் துணைபுரிவது செய்யுள். யாப்பு மருந்துப் பெட்டியாகவும் பயன்படும் என்பதை அம்முயற்சி காட்டிற்று.

ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் என்னும் தம் அன்புக்குரியவரின் நினைவாக 1802இல் அவர் அமைத்த சத்திரத்தில் வழிப்போக்கர்க்கு உணவும், நோயாளிகளுக்கு மருந்தும், மாணவர்க்குக் கல்வியும் அளிக்கப்பட்டன. சோறும் ஏடும் ஒரே கூரையின்கீழ்க் கிடைத்த இடம் அது.

அச்சுக்கூடமும் தமிழும்

தட்டச்சுப் பொறி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது 1874இல்தான். சரபோஜியின் காலத்தில் ஓர் ஏட்டுக்கு மறுபடி வேண்டுமாயின் இரண்டு வழிகளே இருந்தன. ஒன்று எழுத்தாணியோ எழுதுகோலோ பிடித்த கை. மற்றொன்று ஈய எழுத்துகளைக் கோத்து அடிக்கும் அச்சு. முதல் வழியில் பண்டிதர் பலரை அமர்த்தியிருந்த சரபோஜி, இரண்டாம் வழியையும் நாடினார். 1805இல் அரண்மனையில் அச்சுக்கூடம் ஒன்று நிறுவப்பட்டது. நவவித்தியா கலாநிதி என்பது அதன் பெயர். தென்னாட்டில் தேவநாகரி எழுத்துகளைக் கொண்டு அமைந்த முன்னோடி அச்சுக்கூடம் அது. ஈசாப்பின் கதைகள் பாலபோத முக்தாவலி என்னும் பெயரில் மராத்தியில் அங்கே அச்சாயின. வடமொழி நூல்களும் அச்சேறின.

இங்கு ஒரு குறையைச் சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது. தஞ்சை நாட்டுக் கடற்கரையிலேயே, தரங்கம்பாடியில், சீகன்பால்குவின் முயற்சியால் 1713 முதல் தமிழ் எழுத்துகள் அச்சில் ஏறிவந்தன. சரபோஜியின் ஆசிரியர் அவ்வூர் வழியாகத் தஞ்சைக்கு வந்தவரே. இருந்தும் அரண்மனை அச்சுக்கூடம் அரண்மனையின் மொழிகளுக்கே பயன்பட்டது. அதற்கான பொருளோ, வருவாயில் ஐந்தில் ஒரு பங்காகத் தமிழ் பேசும் உழவரின் வயல்களிலிருந்து வந்தது. அவர்தம் மொழி தஞ்சை அரண்மனையில் ஓலையிலேயே தங்கிற்று.

அதனால் அவர் தமிழைப் புறக்கணித்தார் என்று முடிவுகட்டுவதும் பொருந்தாது. கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் அவரைப் பாட்டுடைத் தலைவராக்கிச் சரபேந்திர பூபால குறவஞ்சியைப் பாடினார். தமிழ்ச் சுவடிகளும் நூலகத்தில் இடம்பெற்றன. அச்சில் இடம் தராதவர் பேழையில் இடம் தந்தார். எரியாமலும் செல்லரிக்காமலும் ஓர் ஏடு அடுத்த தலைமுறையைச் சென்றடைந்தால், அச்சிடுவார் ஒருவர் பின்னர் வரக்கூடும். ஏடே இல்லையெனில் எவர் வந்தும் பயனில்லை.

காசிப் பயணம்

சரபோஜி 1820இல் காசி யாத்திரை மேற்கொண்டு 1822இல் திரும்பினார். ஏறத்தாழ மூவாயிரம் பேர் உடன் சென்றதாகக் கூறுவர். தலயாத்திரையாகத் தொடங்கிய அப்பயணம் ஏட்டு யாத்திரையாகவும் அமைந்தது. சென்ற இடங்களில் சுவடிகளை விலைக்கு வாங்கினர். விலைக்குக் கிடைக்காதவற்றைப் பண்டிதர்கள் அமர்ந்து படியெடுத்தனர். காசிப் படித்துறைகளின் வண்ண ஓவியங்களும் தஞ்சையை வந்தடைந்தன. யாத்திரை செல்வோர் கங்கை நீரைச் செம்பில் அடைத்துக் கொணர்வது வழக்கம். சரபோஜி அதனோடு நூல்களையும் கொணர்ந்தார்.

விருந்தினர் கண்ட காட்சி

1826 மார்ச்சு இறுதியில் கல்கத்தாப் பேராயர் ரெஜினால்டு ஹீபர் தஞ்சைக்கு வந்தார். அவருடன் வந்த குருவானவர் தாமசு ராபின்சன் எழுதிவைத்த குறிப்புகளால் அன்றைய நூலகத்தின் தோற்றம் தெரியவருகிறது. மூன்று வரிசைத் தூண்கள் கொண்ட பெரிய கூடம். மராத்திய மன்னர்களின் ஓவியங்கள். பத்துப் பேழைகளில் ஐரோப்பிய நூல்கள், இரண்டில் மராத்தி, வடமொழிச் சுவடிகள். அடுத்த அறையில் காற்றை வெளியேற்றும் பொறி, மின்சாரம் உண்டாக்கும் பொறி, தந்தத்தால் செய்த எலும்புக்கூடு, வானியல் கருவிகள், மருத்துவ நூல்கள். நாணயங்களின் தொகுப்பையும் பூக்களின் ஓவியங்களையும் அரசர் தாமே எடுத்துக் காட்டினார்.

பின்னர் அச்சுப்பொறியின் முன்னே விருந்தினர் அழைத்துச் செல்லப்பட்டனர். அதை இயக்கியவர்கள் இவ்வூர்க் கிறித்தவர்கள். பேராயரின் வருகையைச் சிறப்பிக்கும் சிறு வாசகம் ஒன்றை மராத்தியில் அவர் கண்ணெதிரே அச்சடித்துக் காட்டினர். வரவேற்கப் பீரங்கிகளையும் படைகளையும் அணிவகுக்கும் ஆற்றல் குறைந்துபோன ஓர் அரசர், ஈரம் உலராத ஒரு வரி எழுத்தால் விருந்தினரைச் சிறப்பித்தார். தம்மிடம் எஞ்சியது எது என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். அச்சிறப்பைப் பெற்ற ஹீபர், சில நாட்களில், ஏப்ரல் 3ஆம் நாள், திருச்சிராப்பள்ளியில் திடீரென இறந்துபோனார்.

விதைநெல்

சரபோஜி 1832 மார்ச்சு 7ஆம் நாள் தமது ஐம்பத்து நான்காம் வயதில் மறைந்தார். மகன் சிவாஜி 1855இல் ஆண் வாரிசின்றி இறக்கவே, எஞ்சியிருந்த அரசையும் கம்பெனி எடுத்துக்கொண்டது. அரண்மனைச் சொத்துகள் வழக்கில் சிக்கின. ஆனால் நூலகம் சிதறிப்போகவில்லை. வடமொழிச் சுவடிகளை ஆராய்ந்த ஏ. சி. பர்னெல், அவற்றின் பட்டியலை 1880ஐ ஒட்டி வெளியிட்டார். அரச குடும்பத்தினரின் இசைவுடன் 1918இல் நூலகம் பொதுமக்களுக்கு உரியதாயிற்று. 1983இல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. அரண்மனைக்கு உரியவையாய் இருந்த ஏடுகளை ஆய்வு மாணவர் எவரும் கேட்டுப் பெறலாயிற்று. நூலகமே பதிப்பகமுமாகித் தமிழ்ச் சுவடிகளையும் நூலாக்கியது. அன்று அரண்மனை அச்சுக்கூடம் செய்யாமல் விட்டதை, அவர் தொகுத்து வைத்த ஏடுகளே பிற்காலத்தில் செய்வித்துக்கொண்டன.

தஞ்சை மராத்திய அரசு முடிவுற்ற அதே 1855இல், அதே காவிரி நாட்டில், குடந்தையை அடுத்த உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்ட உ. வே. சாமிநாதையர் பிறந்தார் என்பதும் இங்கு எண்ணத்தக்கது. ஓலையில் உறங்கிய தமிழை அச்சில் எழுப்பும் பணியில் அவர் ஈடுபட்டு, 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டார். ஒருவர் தொகுத்தார். மற்றொருவர் தொகுத்ததோடு பதிப்பித்தார். முன்னவர்க்கு அரண்மனை இருந்தது, பின்னவர்க்குக் கால்நடைப் பயணமே இருந்தது. இருவர்க்கும் பொதுவாய் இருந்தது, ஏடு அழிந்தால் அதில் வாழ்ந்த மனிதரும் அழிவர் என்ற கவலை.

ஆட்சியும் செல்வமும் இல்லாத இலக்கிய வட்டங்கள், ஊர்தோறும் கவிதைகளைச் சேர்த்து மலர்களாக்கி வைக்கும் பணியும் இவ்வகையினதே. சேர்த்து வைத்தவற்றுள் எது நாளை முளைக்கும் என்பதைச் சேர்ப்பவர் அறிய இயலாது. பத்தாயத்தை நிறைத்த சரபோஜியும் அதனை அறிந்திருக்கவில்லை. சரசுவதி மகாலில் ஒரு பழைய நூலைத் திறந்து, முதல் பக்கத்தில் மங்கிய மையில் அவர் இட்ட கையொப்பத்தைக் காண்பவர்க்கு, நாட்டை ஒப்படைக்கக் கையெழுத்திட்ட அதே கை, அடுத்த முப்பது ஆண்டுகளும் எதன்மீது தன் பெயரை எழுதிற்று என்பது விளங்கும்.