அர்பத்நாட் வீழ்ச்சியும் வி. கிருஷ்ணசாமி ஐயரும்

பணம் சேர்த்தவர் பலர். சேர்த்த பணத்தைக் காத்தவர் சிலர். பிறர் பணத்தையும் தம் பணம் போலக் கருதிக் காத்தவர் மிகச் சிலரே. அம்மிகச் சிலருள் வைத்து எண்ணத்தக்கவர், சென்னை மயிலாப்பூரில் வாழ்ந்து, 1911-ஆம் ஆண்டில் தமது நாற்பத்தெட்டாம் வயதில் மறைந்த வி. கிருஷ்ணசாமி ஐயர் அவர்கள். மகாகவி பாரதியாரின் பாடல்களை முதன்முதலில் அச்சிட்டு வழங்கியவர் என்று நம்மில் பலர் அவரை அறிவோம். ஆனால் ஒரு பெரிய வர்த்தக நிலையம் நொடித்தபோது அவர் ஆற்றிய தொண்டினை அறிந்தோர் குறைவு. சொந்த ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்து, மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாழும் நம் போன்ற குடும்பத்தினர்க்கு அவ்வரலாறு பயன்படும் என்னும் எண்ணத்தால் ஈண்டுச் சுருங்க எழுதலானேன்.

தஞ்சை ஜில்லா திருவிடைமருதூரில் 1863-ஆம் ஆண்டில் கிருஷ்ணசாமி ஐயர் பிறந்தார். கும்பகோணம் கல்லூரியிலும், பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்று, சட்டத் தேர்வும் முடித்து, 1885-இல் வக்கீலாகப் பதிவு செய்துகொண்டார். தொடக்கத்தில் வழக்குகள் எளிதில் வந்துவிடவில்லை. எனினும் உழைப்பும் கூரிய அறிவும் அவரை விரைவில் முன்வரிசையில் கொண்டு நிறுத்தின. 1891-இல் தோன்றிய ‘மதராஸ் லா ஜர்னல்’ என்னும் சட்ட இதழைத் தொடங்கியவர்களுள் அவரும் ஒருவர். ஈட்டிய பொருளை அவர் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. மயிலாப்பூரில் ஏழை நோயாளிகளுக்கென வேங்கடரமண ஆயுர்வேத வைத்தியசாலையும், சென்னை சம்ஸ்கிருதக் கல்லூரியும் அவர் முயற்சியால் எழுந்தன.

இந்நிலையில்தான் 1906-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் வந்தது. அந்நாளில் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி என்றால் மலை போன்ற நம்பிக்கை. ஏறக்குறைய நூறாண்டு நிலைத்திருந்த ஆங்கிலேய வர்த்தக நிலையம் அது. வாணிகத்தோடு பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்கும் தொழிலையும் நடத்தி வந்தது. பென்ஷன் பெற்ற உத்தியோகஸ்தர், வக்கீல்கள், மிராசுதார்கள், கைம்பெண்கள் எனப் பலதரத்தாரும் தம் வாழ்நாள் சேமிப்பை அங்கே ஒப்படைத்திருந்தனர். அப்பணமோ, லண்டனிலிருந்த கூட்டாளியான மக்ஃபாடியன் என்பவர் வழியாகப் பல ஊக முயற்சிகளில் சென்று முடங்கியது. அக்டோபர் 20-ஆம் நாள், சனிக்கிழமை, மக்ஃபாடியன் லண்டன் சுரங்க ரயில் பாதையில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். 22-ஆம் நாள், திங்கட்கிழமை, சென்னையில் அர்பத்நாட் கம்பெனியின் கதவு சாத்தப்பட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்களில் அன்று அடுப்பெரியவில்லை என்றால் அது மிகையாகாது.

இனி வழக்கு திவால் நீதிமன்றத்திற்குச் சென்றது. ‘மஞ்சள் கடிதாசி கொடுத்துவிட்டான்’, ‘ஐ.பி. கொடுத்துவிட்டான்’ என்று நாம் ஏளனமாகப் பேசும் அச்சட்டத்தின் உட்கருத்தை அன்பர்கள் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். அக்காலத்தில் சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்று நகரங்களிலும் 1848-ஆம் ஆண்டுச் சட்டப்படி இம்மன்றங்கள் நடந்து வந்தன. கடனைத் தீர்க்க வழியற்றவன் மன்றத்தை அணுகினால், அவனுடைய உடைமை முழுவதும் அபிஷியல் அஸைனி எனப்படும் அதிகாரியின் கைக்கு மாறும். அவர் அதனை விற்றுப் பணமாக்கி, செலவு போக எஞ்சியதைக் கடன் கொடுத்தோர்க்கெல்லாம் விகிதப்படி பங்கிடுவார்.

கணக்குப் புத்தகத்தோடு பழகிய குமாஸ்தாவாகிய நான் இதனை ஓர் எளிய கணக்கால் விளக்குவேன். ஒருவன் மூவரிடம் முறையே 600, 300, 100 ரூபாய் கடன்பட்டிருக்கிறான். மொத்தம் 1,000 ரூபாய். அவன் உடைமையை விற்றதில் செலவு போக நின்றது 250 ரூபாய். மூவர்க்கும் ரூபாய்க்கு நாலணா வீதம் 150, 75, 25 எனக் கிடைக்கும். முந்தி வந்து கதவைத் தட்டியவன் முழுவதையும் அள்ளிச் செல்ல, பிந்தி வந்த ஏழை வெறுங்கையோடு திரும்பும் அநீதி இதனால் ஒழிகிறது. அடமானம் பெற்றுக் கடன் கொடுத்தவர்க்கு மட்டும் அவ்வடமானப் பொருளின் மேல் தனி உரிமை உண்டு. ஒளிக்காமல் கணக்குக் காட்டியவனை, மன்றம் உரிய காலத்தில் கடன் தளையினின்று விடுவிக்கும். வஞ்சித்தவனுக்கு அச்சலுகையை மறுக்கவும் கூடும். நேர்மையாய்த் தோற்றவன் வேறு, பிறரை ஏமாற்றித் தோற்றவன் வேறு என்று பிரித்துக் காண்பதே இச்சட்டத்தின் உயிர்நாடி.

அர்பத்நாட் வழக்கில் கடன் கொடுத்தோர் பக்கம் நின்று வாதாடியவர்களுள் கிருஷ்ணசாமி ஐயர் முதன்மையானவர். ஆங்கிலேயர் ஆட்சி நடந்த நாளில், ஆங்கிலேயப் பெருந்தனவந்தரின் கணக்குகளை நீதிமன்றத்தில் துருவிக் கேட்பதற்குத் துணிவு வேண்டும். அத்துணிவு அவரிடம் இருந்தது. திவால் நடவடிக்கை ஒருபுறமிருக்க, கம்பெனியின் தலைவராகிய சர் ஜார்ஜ் அர்பத்நாட் மீது குற்ற வழக்கும் நடைபெற்று, 1907-இல் அவருக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டது. பட்டம் பெற்ற சீமானும் சட்டத்தின் முன் ஒரு கடனாளியே என்பதை நாடு கண்டது.

ஆயினும் மற்ற வக்கீல்களினின்று ஐயரவர்கள் வேறுபட்டது இதற்குப் பின்னரே. இருப்பதைப் பங்கிட்டுக் கொடுக்க நீதிமன்றத்தால் இயலும். இல்லாததை உண்டாக்க அதனால் இயலாது. அதனினும் அரிது, உடைந்த நம்பிக்கையை ஒட்டவைப்பது. இவ்வுண்மையை உணர்ந்த அவர், நம்மவர் பணத்தை நம்மவரே பொறுப்போடு காக்கும் வங்கி ஒன்று வேண்டும் என்று துணிந்தார். கம்பெனி வீழ்ந்த சில வாரங்களுக்குள்ளாகவே அன்பர்களைத் திரட்டி முயற்சியில் இறங்கினார். நகரத்தார் பெருமக்களின் ஆதரவை நாடினார். பிற்காலத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் கண்ட ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் தமையனார் ராமசாமிச் செட்டியார் அவர்கள் உறுதுணையாய் நின்றார். 1907 மார்ச்சு 5-ஆம் நாள் இந்தியன் வங்கி பதிவு பெற்று, அவ்வாண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் கதவு திறந்தது. நாற்பதாண்டு கழித்து அதே நாளில் நாடு விடுதலை பெறும் என்று அன்று யார் அறிந்தார்! 1969-இல் நாட்டுடைமையான அவ்வங்கி, 2020-இல் அலகாபாத் வங்கியையும் தன்னுள் ஏற்றுப் பெருகியது.

அதே 1907-ஆம் ஆண்டில்தான் ஐயரவர்கள் பாரதியாரின் பாடல்களைக் கேட்டு உருகி, அச்சிட்டு, 15,000 பிரதிகள் இலவசமாக வழங்கச் செய்தார். ஐயர் மிதவாதி, பாரதியாரோ தீவிரவாதிகள் அணி. கொள்கை மாறுபாடு அவர் கண்ணை மறைக்கவில்லை. 1909-இல் அவர் உயர்நீதிமன்ற நீதிபதியானார். 1911-இல் கவர்னரின் நிர்வாக சபை அங்கத்தினரானார். அவ்வாண்டு டிசம்பரில் காலமானார்.

சென்னை முதலிய மூன்று நகரங்களுக்கெனப் புதிய திவால் சட்டம் 1909-இல் வந்தது. கடனாளியின் தொழிற்கருவி, உடுதுணி, படுக்கை, சமையற் பாத்திரம் ஆகியவற்றில் 300 ரூபாய் வரை எவரும் தொடலாகாது என்று அது விதித்தது. திவாலாகும் தறுவாயில், மூன்று மாதங்களுக்குள், வேண்டியவர் ஒருவர்க்கு மட்டும் சலுகை காட்டிப் பணம் கொடுத்திருந்தால் அது செல்லாது என்றும் கூறியது. மற்ற ஜில்லாக்களுக்கு 1907-இலும் பின்னர் 1920-இலும் தனிச் சட்டங்கள் இயற்றப்பட்டன. 2016-இல் நாடு முழுமைக்குமான நொடிப்புச் சட்டத் தொகுப்பு இயற்றப்பட்டபின், கம்பெனிகளின் நொடிப்பு வழக்குகளைத் தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் விசாரிக்கிறது. சட்டங்கள் மாறினும், இருப்பதை நியாயமாகப் பங்கிடு, நேர்மையாளனை மீண்டும் எழவிடு என்னும் இரு நெறிகளும் மாறவில்லை.

நம் காலனியிலும் சீட்டுப் பிடிக்கிறோம்; கைமாற்று வாங்குகிறோம்; கூடுதல் வட்டி என்று எவரேனும் சொன்னால் செவி சாய்க்கிறோம். பெயரின் பழைமையையும் கட்டிடத்தின் உயரத்தையும் கண்டு மயங்காமல், நம் பணம் எங்கே செல்கிறது என்று கேட்கும் வழக்கம் நமக்கு வேண்டும். அவ்வாறே, வியாதியாலோ வேலையிழப்பாலோ நொடித்துப்போன நேர்மையான குடும்பத்தைக் கண்டால் ஏளனம் பேசாது கைகொடுத்துத் தூக்கும் மனமும் வேண்டும். நீதிமன்றம் ரூபாய்க்கு நாலணா வாங்கித் தரலாம். எஞ்சிய பன்னிரண்டணாவையும் ஆறுதலாகவும் ஆதரவாகவும் தரவல்லது சுற்றமும் சங்கமுமே. கிருஷ்ணசாமி ஐயர் அவர்களின் வாழ்வு நமக்கு உணர்த்துவது இதுவேயாம்.