தோற்றதும் ஆளை மாற்றலாமா? – ரஹீம் சாகிப் வாழ்க்கை சொல்லும் பதில்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



இந்த வருஷம் நம் ஹாஸ்டல் மெஸ்ஸிலும், திருத்தணி பஸ் ஸ்டாண்ட் டீக்கடையிலும் அதிகம் அடிபட்ட பேச்சு எது என்று உங்களுக்கே தெரியும். நம் ஃபுட்பால் டீம் மண்டலப் போட்டியில் முதல் இரண்டு ஆட்டத்திலும் தோற்றுவிட்டது. உடனே ஒரு கோஷ்டி, டீமைப் பார்த்துக்கொள்கிற சாரை மாற்றி வெளியிலிருந்து ஒரு கோச்சைக் கொண்டுவர வேண்டும் என்று கிளம்பிவிட்டது. இன்னொரு கோஷ்டி, வருஷம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம் என்கிறது. பேரவைக் கூட்டத்திலும் இதே சண்டைதான். நான் இரண்டாவது கோஷ்டி. ஏன் என்று மேடையில் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. அதனால் இந்த மலரில் எழுதுகிறேன்.

முதல் கோஷ்டியின் கட்சியிலும் நியாயம் இல்லாமல் இல்லை. நம் சென்னையின் எஃப்.சி. கதையையே பாருங்கள். 2017-18 சீசனில் ஜான் கிரெகரி பயிற்சியில் அந்த அணி ஐ.எஸ்.எல். கோப்பையை வென்றது. அடுத்த சீசனில் 18 ஆட்டங்களில் இரண்டே வெற்றி, 9 புள்ளிகள், கடைசி இடம். அப்போது நிர்வாகம் அவரை மாற்றவில்லை. 2019-20 சீசனும் சொதப்பலாகவே தொடங்கியது. பாதி வழியில் கிரெகரி விலகினார்; டிசம்பரில் ஓவன் கோயல் வந்தார். கீழே கிடந்த அணி 2020 மார்ச்சில் இறுதிப் போட்டிக்கே போய்விட்டது! கோப்பை கொல்கத்தாவுக்குப் போனாலும், ஆள் மாறியதால் ஆட்டம் மாறியது என்பதை யாரும் மறுக்க முடியாது.

அப்படியானால் தோற்றவுடன் மாற்றுவதுதான் சரியா? இதற்குப் பதில் தேடினால், ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் வாழ்க்கை கண் முன்னால் வந்து நிற்கிறது. அவர்தான் சையது அப்துல் ரஹீம். இந்திய கால்பந்து உலகம் அவரை ரஹீம் சாகிப் என்றுதான் மரியாதையாகச் சொல்லும்.

அவர் பிறந்தது 1909 ஆகஸ்ட் 17, ஹைதராபாத்தில். நமக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். 1960 ஏப்ரல் 1 அன்றுதான் நம் திருத்தணி சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. அதற்கு முன்னால் இது ஆந்திராவின் சித்தூர் மாவட்டம். 1956 நவம்பரிலிருந்து மூன்றரை வருஷம் நம் ஊருக்குத் தலைநகரமே ஹைதராபாத்! எனவே அவர் ஒரு காலத்தில் நம் மாநிலத்துக்காரர் என்று உரிமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்தவர், அங்கே கால்பந்தும் ஆடியவர். படிப்பு முடிந்ததும் பள்ளி ஆசிரியராகச் சேர்ந்தார். பிறகு உடற்கல்வியில் ஒரு டிப்ளமோ வாங்கினார். ஆமாம் நண்பர்களே, அவரும் நம்மைப் போல டிப்ளமோ ஹோல்டர்தான்! பி.இ. இல்லையே, பி.டெக். இல்லையே என்று ஏங்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹைதராபாத் கால்பந்து சங்கத்தின் செயலாளராகவும், ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணியின் பயிற்சியாளராகவும் அவர் செய்த வேலைதான் எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம். பந்தை வைத்துக்கொண்டு வித்தை காட்டக்கூடாது, வந்த வேகத்தில் அடுத்தவனுக்குத் தள்ளிவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. அதைப் பழக்குவதற்காக, பந்தை உருட்டிக்கொண்டே ஓடுவதற்குத் தடை போட்ட தனிப் போட்டிகளையே நடத்தினார். வலது காலால் மட்டும் அடிப்பவனை இடது காலாலும் அடித்துப் பழக வைத்தார். பாடத்திட்டம் போட்டு நடத்துகிற வாத்தியார் புத்தி! பலன் என்ன தெரியுமா? 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து வருஷம் பம்பாய் ரோவர்ஸ் கோப்பை ஹைதராபாத் போலீஸுக்கே.

திறமை உள்ள பையன் வசதி இல்லாததால் வீணாகப் போவதை அவரால் பொறுக்க முடியாது. செகந்திராபாத் பக்கம் அம்முகுடாவில் ஏழைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் துளசிதாஸ் பலராம். பயிற்சிக்கு வந்து போகக் கையில் காசில்லை. வாடகை சைக்கிளுக்கு ரஹீம் சாகிப் பணம் கொடுத்து வரவழைத்தார். அந்தப் பையன்தான் பிறகு இந்தியாவின் தலைசிறந்த முன்கள வீரர்களில் ஒருவரானார்.

1951-இல் டில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் ரஹீம் சாகிப் பயிற்றுவித்த இந்திய அணி, இறுதிப் போட்டியில் ஈரானை 1-0 என்று வென்று தங்கம் வாங்கியது. நாடே தலையில் வைத்துக் கொண்டாடியது. அடுத்த வருஷமே விழுந்தது இடி.

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக். குளிர் ஊரில் நம் வீரர்கள் பலர் பூட்ஸ் இல்லாமல் வெறுங்காலோடு ஆடினார்கள். எதிரே யூகோஸ்லாவியா. முடிவு 10-1. ஒன்று நமக்கு, பத்து அவர்களுக்கு! இன்றைய நாளாக இருந்தால் அந்தப் பயிற்சியாளர் விமானத்திலிருந்து இறங்குவதற்கு முன்னாலேயே வேலை போயிருக்கும்.

இங்கேதான் நான் கொஞ்சம் நிறுத்தி யோசிக்கச் சொல்கிறேன். நம் ஒர்க்‌ஷாப்பில் லேத்தில் ஒரு ஜாப் அளவு தப்பிப் போய்விட்டால் என்ன செய்கிறோம்? டூல் மழுங்கியிருக்கிறதா, செட்டிங் நகர்ந்திருக்கிறதா, மெட்டீரியலே சரியில்லையா என்று பார்க்கிறோம். எல்லாம் சரியாக இருந்தும் அடுத்த பீஸும், அதற்கடுத்த பீஸும் அதே தப்போடு வந்தால்தான் ஓட்டுகிறவனை மாற்றுகிறோம். ஹெல்சிங்கியிலும் கோளாறு எங்கே என்று தெளிவாகவே தெரிந்தது. வெறுங்கால், குளிர், ஐரோப்பிய ஆட்டத்தின் வேகம். அதற்குப் பிறகு இந்திய வீரர்களுக்கு பூட்ஸ் கட்டாயமானது.

நான்கு வருஷம் கழித்து, 1956 மெல்போர்ன் ஒலிம்பிக். பயிற்சியாளர் அதே ரஹீம் சாகிப். போட்டியை நடத்திய ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே 4-2 என்று தோற்கடித்தார்கள். நெவில் டிசோசா அதில் மூன்று கோல். ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய நாடு இந்தியா! அரையிறுதியில் எதிரே வந்தது யார்? மறுபடியும் யூகோஸ்லாவியா. முதல் கோலை அடித்தது நாம். கடைசியில் 4-1 என்று தோற்றாலும், 10-1 வாங்கிய இடத்திலிருந்து நான்கே வருஷத்தில் எங்கே வந்து நின்றோம் பாருங்கள்! அந்த ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு நான்காம் இடம்.

1960 ரோம் ஒலிம்பிக்கிலும் அவர்தான் பயிற்சியாளர். ஹங்கேரியிடம் 2-1 தோல்வி, பிரான்சோடு 1-1 சமன், பெருவிடம் 3-1 தோல்வி. அந்த அணியில் தமிழ்நாட்டு வீரர் சைமன் சுந்தரராஜும் இருந்தார். அதற்குப் பிறகு இந்தியா ஒலிம்பிக் கால்பந்துக்கே தகுதி பெறவில்லை என்பது வேதனையான விஷயம்.

இனிதான் கதையின் உச்சம். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. ரஹீம் சாகிப் உடம்பைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்த நேரம். முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2-0 தோல்வி. அடுத்த ஆட்டத்தில் தாய்லாந்தை 4-1 என்று வென்றாலும், தடுப்பாட்டத்தின் தூண் ஜர்னைல் சிங்குக்கு மண்டை உடைந்து தையல் போட வேண்டியதாயிற்று. கோல் கீப்பர் பீட்டர் தங்கராஜ் காய்ச்சலில் படுத்துவிட்டார். ஊர் ஜனமோ இந்தியா மேல் கடும் கோபத்தில் இருந்தது. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா சேர்க்காததை நம் நாட்டு அதிகாரி ஒருவர் எதிர்த்ததுதான் காரணம். நம் டீம் மைதானத்தில் இறங்கினாலே கூச்சல்.

வேறொருவராக இருந்தால் கையை விரித்திருப்பார். ரஹீம் சாகிப் என்ன செய்தார்? தலையில் கட்டோடு இருந்த ஜர்னைல் சிங்கைத் தடுப்பு வரிசையிலிருந்து எடுத்து முன்கள வரிசையின் நடுவில் நிறுத்தினார்! ஃபுல் பேக் ஆடுகிறவனை சென்டர் ஃபார்வர்டு ஆக்குவதா என்று யாருக்கும் தோன்றும். ஜப்பானை 2-0 என்று தாண்டி, அரையிறுதியில் தென்வியட்நாமை 3-2 என்று வென்றார்கள். அதில் ஜர்னைலும் ஒரு கோல் போட்டார்.

இறுதிப் போட்டி 1962 செப்டம்பர் 4. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் நிரம்பிய அரங்கம். எதிரே முதல் ஆட்டத்தில் நம்மை வீழ்த்திய அதே தென்கொரியா. ஜுரம் தெளிந்த தங்கராஜ் கோல் கம்பத்துக்குத் திரும்பினார். பி.கே. பானர்ஜி ஒரு கோல், ஜர்னைல் ஒரு கோல். 2-1. தங்கம்! முதல் நாள் இரவு வீரர்களைக் கூட்டி, இந்தத் தங்கத்தைத் தனக்குப் பரிசாகத் தரும்படி அவர் கேட்டுக்கொண்டதை, அந்த அணியில் இருந்தவர்கள் வயதான பிறகும் நெகிழ்ச்சியோடு நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

மறுநாள் செப்டம்பர் 5. நம் ஊர் மண்ணில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் குடியரசுத் தலைவரான பிறகு, அவர் பிறந்த நாள் ஆசிரியர் தினமாக முதன்முதலில் கொண்டாடப்பட்ட நாள் அது. அதற்கு முந்தைய நாள்தான் ஒரு பள்ளி ஆசிரியர் நாட்டுக்குத் தங்கம் வாங்கித் தந்திருக்கிறார். இதைப் படித்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது.

அடுத்த வருஷம், 1963 ஜூன் 11 அன்று ரஹீம் சாகிப் காலமானார். வயது 53. அதன் பிறகு ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியாவுக்குக் கிடைத்த ஒரே பதக்கம் 1970 பாங்காக் வெண்கலம். தங்கம் திரும்பி வரவே இல்லை.

சரி, நம் சண்டைக்கு வருவோம். தோற்ற கோச்சை மாற்றவே கூடாது என்பது என் வாதம் இல்லை. சென்னையின் கதை அப்படிச் சொல்லவும் விடாது. என் கேள்வி ஒன்றுதான். தோற்ற மறுநாள் அந்த மனிதர் என்ன மாற்றுகிறார்? அதே பதினொரு பேர், அதே இடம், அதே ஆட்டம், அதே சாக்கு என்றால், சீசன் நடுவிலும் மாற்றலாம், தப்பில்லை. ஆனால் கோளாறைக் கண்டுபிடித்துச் சரி செய்கிறவராக இருந்தால், அவரை அனுப்புவது நம் கையை நாமே வெட்டிக்கொள்வது மாதிரி. ஜகார்த்தாவில் முதல் ஆட்டத்தோடு கணக்குப் பார்த்திருந்தால் ரஹீம் சாகிப் தோல்வியாளர். ஒன்பது நாள் கழித்துப் பார்த்தால் தங்கம் வாங்கிக் கொடுத்தவர்.

நம் டீமைப் பாருங்கள். இரண்டாவது தோல்விக்குப் பிறகு நம் சார் காலை ஆறு மணிக்கே மைதானத்துக்கு வருகிறார். செகண்ட் இயர் சிவில் பையன் ஒருவனை விங்கிலிருந்து நடுவுக்கு மாற்றியிருக்கிறார். பத்து பேர் வர வேண்டிய பயிற்சிக்கு ஆறு பேர்தான் வருகிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தக் குறைக்கு எந்த ஊரிலிருந்து கோச் வந்தாலும் மருந்து கிடையாது.

நம் முருகன் மலைக்கு 365 படி. நூறாவது படியில் மூச்சு வாங்குகிறது என்பதற்காகக் கூட வருகிறவரைக் கீழே அனுப்புவோமா? ஆகவே பேரவை நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். மிச்சமுள்ள ஆட்டங்கள் முடியும் வரை சாரை விட்டுவிடுவோம். சீசன் முடிந்ததும், தோற்ற பிறகு அவர் என்னென்ன மாற்றினார், அதில் எது பலித்தது என்று உட்கார்ந்து பேசி ஓட்டுப் போடுவோம். அதுவரைக்கும் நாளைக் காலை ஆறு மணிக்கு மைதானத்தில் சந்திப்போம். பூட்ஸ் மறக்காதீர்கள்!