துடிக்கும் கட்டியைக் கீறினால் என்ன ஆகும்? 1785-லேயே வண்டிக்காரரின் காலைக் காப்பாற்றிய ஜான் ஹண்டர்.. யார் இவர்?

காலில் ஒரு கட்டி. தொட்டால் சுடுகிறது, வலிக்கிறது, கூடவே காய்ச்சல். நெமிலி பக்கத்து கிராமம் என்றாலும் சரி, ஆம்பூர் தோல் தொழிற்சாலை தெரு என்றாலும் சரி.. முதலில் மஞ்சள் பத்து போடுவார்கள். பழுத்ததும் கீறிவிட்டால் போதும் என்பார்கள்.

சாதாரண சீழ்க்கட்டி என்றால் டாக்டரும் கீறித்தான் சீழை எடுப்பார். ஆனா அந்தக் கட்டி நாடி மாதிரி துடித்தால்? அது சீழ்க்கட்டியாகவே இல்லாமல் இருக்கலாம். கிருமித் தொற்றால் சுவர் பலவீனமாகி, பலூன் போல வீங்கிய ரத்தக்குழாயாக இருக்கலாம். அதில் கத்தி பட்டால் சில நிமிடங்களில் உயிரே போய்விடும்.

இந்த ரத்தக்குழாய் வீக்கத்துக்கு மருத்துவத்தில் அனியூரிசம் என்று பெயர். காலில் வரும் அனியூரிசத்துக்கு ஒரு புது வழியைக் காட்டியவர்தான் ஜான் ஹண்டர்.

பள்ளிப் படிப்பில் நாட்டமில்லாத பையன்

1728-ல் ஸ்காட்லாந்தில் ஒரு பண்ணைக் குடும்பத்தில் பத்தாவது பிள்ளையாகப் பிறந்தவர் ஹண்டர். பள்ளிப் பாடம் ஏறவில்லை. காடு, மேடு, பறவை, பூச்சி என்றே சுற்றினார். 1748-ல் லண்டனுக்குப் போய், அண்ணன் வில்லியம் நடத்திய உடற்கூறியல் பள்ளியில் உதவியாளராகச் சேர்ந்தார். இறந்த உடல்களை அறுத்துப் பார்ப்பதில் சீக்கிரமே அண்ணனையே மிஞ்சிவிட்டார்.

பிறகு ராணுவ மருத்துவரானார். 1761-ல் பிரான்ஸ் கடற்கரைக்கு அருகில் உள்ள பெல் ஈல் தீவில் நடந்த போரில் காயமடைந்த வீரர்களைப் பார்த்தார். துப்பாக்கிக் குண்டு பட்ட காயத்தை எல்லாம் அகலமாகக் கிழித்துத் திறப்பது அன்றைய வழக்கம். அப்படித் திறக்காமல் விட்ட சில காயங்கள் நன்றாகவே ஆறியதை ஹண்டர் கவனித்தார். உடம்பு தானே சரிசெய்துகொள்ள இடம் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் அவருக்கு உறுதியானது. 1768-ல் லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை மருத்துவரானார்.

தோல் பூட்ஸும் முழங்கால் கட்டியும்

அந்தக் காலத்து லண்டனில் குதிரை வண்டி ஓட்டுபவர்களுக்கு முழங்காலுக்குப் பின்புறம் துடிக்கும் கட்டி வருவது சகஜம். அவர்கள் போட்ட உயரமான தோல் பூட்ஸின் விளிம்பு அந்த இடத்தில் ஓயாமல் உரசியதும் காரணமாக இருக்கலாம் என்று சொல்லப்படுவதுண்டு.

இதற்கு இரண்டே வழிதான் இருந்தது. ஒன்று, தொடையோடு காலை வெட்டி எடுப்பது. இன்னொன்று, கட்டியைத் திறந்து, அதன் மேலும் கீழும் ரத்தக்குழாயை நூலால் கட்டுவது. இரண்டாவது வழியில் பலர் ரத்தப்போக்கில் இறந்தார்கள். மயக்க மருந்தும் கிடையாது. கிருமிகளால்தான் காயத்தில் தொற்று வருகிறது என்பதும் அப்போது தெரியாது.

நூல் போட்டும் ஏன் ரத்தம் பீறிட்டது? ஹண்டர் யோசித்தது இங்கேதான். கட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் குழாயும் நோய்ப்பட்டதுதானே? நைந்த துணியில் தையல் நிற்காது, அதே கதைதான். அப்படியென்றால் கட்டியைத் தொடவே வேண்டாம். தொடையில், ஆரோக்கியமான இடத்தில் குழாயைக் கட்டினால் என்ன?

ரத்தம் நின்றால் கால் அழுகாதா என்ற கேள்வி வந்தது. பெரிய குழாய் அடைபட்டால் பக்கத்துச் சிறு குழாய்கள் விரிந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் என்று அவர் நம்பினார். மானின் கொம்புக்குப் போகும் குழாயைக் கட்டி, குளிர்ந்த கொம்பு சில நாட்களில் மீண்டும் சூடானதைப் பார்த்து இதை அவர் உறுதி செய்ததாகச் சொல்லப்படுகிறது.

1785 டிசம்பர்

செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் 45 வயது வண்டிக்காரர் ஒருவருக்கு இந்த அறுவை சிகிச்சையைச் செய்தார் ஹண்டர். தொடையின் உட்புறம் திறந்து நான்கு நூல்களால் குழாயைக் கட்டினார். சில வாரங்களில் அந்த மனிதர் தன் காலோடு வீட்டுக்கு நடந்தார். சுமார் 15 மாதங்களுக்குப் பிறகு வேறொரு காய்ச்சலில் அவர் இறந்தபோது, அந்தக் காலை வாங்கி ஹண்டர் ஆராய்ந்தார். கட்டி சுருங்கியிருந்தது. தொடையில் அவர் கட்டிய அந்தப் பகுதிக்கு இன்றும் ஹண்டர் கால்வாய் என்றே பெயர்.

இன்னொரு முகமும் உண்டு

ஹண்டர் குறையே இல்லாத மனிதர் அல்ல. கல்லறையிலிருந்து உடல்களைத் திருடி விற்பவர்களிடம் வாங்கினார். அயர்லாந்தைச் சேர்ந்த மிக உயரமான மனிதரான சார்லஸ் பைர்ன், தன் உடல் ஹண்டர் கையில் சிக்கக் கூடாது, கடலில் போட வேண்டும் என்று விரும்பினார். 1783-ல் அவர் இறந்ததும் உடலை ரகசியமாக வாங்கிவிட்டார் ஹண்டர். அந்த எலும்புக்கூடு 2023-ல்தான் லண்டன் ஹண்டேரியன் அருங்காட்சியகக் காட்சியிலிருந்து நீக்கப்பட்டது. வெட்டை நோயும் சிபிலிஸும் ஒரே நோய்தான் என்று தவறாக எழுதியதும் இவரே. அம்மைத் தடுப்பூசி தந்த எட்வர்ட் ஜென்னர் இவருடைய மாணவர்.

1793 அக்டோபர் 16. மருத்துவமனைக் கூட்டத்தில் வாக்குவாதம் முற்றியது. பல ஆண்டுகளாக நெஞ்சுவலியோடு இருந்த ஹண்டர் அங்கேயே சரிந்து இறந்தார்.

இன்று என்ன சிகிச்சை?

கிருமித் தொற்றால் வரும் அனியூரிசத்துக்கு 1885-ல் மைகோடிக் அனியூரிசம் என்று பெயர் வைத்தவர் வில்லியம் ஆஸ்லர். பெயரைக் கேட்டால் பூஞ்சை என்று தோன்றும். ஆனால் பெரும்பாலும் காரணம் பாக்டீரியாதான். ஸ்டெஃபைலோகாக்கஸ், சால்மோனெல்லா ஆகியவை முக்கியமானவை. ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் மெலியாய்டோசிஸ் கிருமியும் இதை உண்டாக்கும். இது சர்க்கரை நோயாளிகளை அதிகம் தாக்கும். வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் பல ஆண்டுகளாக இந்த நோயைக் கண்டறிந்து ஆய்வு செய்துவருகிறார்கள்.

டாப்ளர் அல்லது சிடி ஸ்கேனில் கட்டி எதுவென்று தெரிந்துவிடும். ரத்தப் பரிசோதனையில் கிருமியைக் கண்டுபிடித்து, வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக் தருவார்கள். தொற்றுள்ள குழாயை அகற்றி, நோயாளியின் சொந்த சிரைக் குழாயை எடுத்து, தொற்றில்லாத தசை வழியாக மாற்றுப்பாதை போடுவார்கள். செயற்கைக் குழாயில் கிருமி எளிதில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் முடிந்தவரை சொந்தக் குழாய்தான். பக்கக் குழாய்கள் போதிய ரத்தம் கொடுத்தால், சிலருக்கு வெறுமனே கட்டிவிடுவதும் உண்டு.

கவனிச்சீங்களா? நோய்ப்பட்ட இடத்தை விட்டு விலகி, நல்ல இடத்தில் கட்டு. ஹண்டரின் அதே கணக்குதான்.

எப்போது ஓட வேண்டும்?

கட்டி துடித்தால், காய்ச்சலும் இருந்தால், பாதம் குளிர்ந்தோ மரத்தோ போனால் பத்து போட்டுக் காத்திருக்க வேண்டாம். அழுத்தவோ கீறவோ யாரையும் விடாதீர்கள். ரத்தக்குழாய் அறுவை சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்கு உடனே போய்விடுங்கள்.