பாசியியல் மேதை எம்.ஓ.பி. ஐயங்கார்

மழை ஓய்ந்தபின் பாம்பாறு அணைப்பக்கம் போனால், காய்ந்துவரும் சேற்றின்மேல் பச்சைப் படலம் படிந்திருக்கும். வழுக்கிவிடும் என்று நாம் விலகி நடப்போம். அத்தகைய பாசியை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றார் ஓர் ஆசிரியர். அவரே, இந்தியப் பாசியியலின் தந்தை எனப் போற்றப்படும் பேராசிரியர் எம்.ஓ. பார்த்தசாரதி ஐயங்கார்.

1886-ஆம் ஆண்டு சென்னையில் பிறந்த இவர், மாநிலக் கல்லூரியில் பயின்று, பின்னர் அங்கேயே பேராசிரியரானார். லண்டன் சென்று பாசியியல் அறிஞர் ஃபிரிட்ச் என்பாரிடம் ஆராய்ச்சி செய்தார். ஈரமண்ணில் வாழும் புதிய பசும்பாசி ஒன்றை 1932-இல் உலகிற்கு அறிவித்து, அந்த அறிஞரைச் சிறப்பிக்கும் வகையில் ‘ஃபிரிட்சியெல்லா’ எனப் பெயரிட்டார்.

அந்தச் சிறு பாசியைக் கண்டு அறிஞர்கள் வியந்தனர். ஏன் தெரியுமா? மண்ணுக்குள் கிழங்குபோல் செல்திரள். கீழே நிறமற்ற வேர்போன்ற இழைகள். மேலே நிமிர்ந்த பச்சைக் கிளைகள்! நீரில் வாழ்ந்த பாசி நிலத்துக்கு ஏறியது இப்படித்தானோ என்று எண்ணினர். நிலத்தாவரங்களின் மூதாதையர் எப்படி இருந்திருக்கும் என்பதற்குப் பாடநூல்கள் இதனையே சான்று காட்டின.

1963-இல் ஐயங்கார் மறைந்தார். பின்னர் 1970-களில், எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப் வழியாக இப்பாசியின் இனப்பெருக்கச் செல்களான இயங்குவித்துகளை ஆராய்ந்தனர். இவை கசையிழைகளால் நீந்துபவை. அவ்விழைகளின் அடியிலிருந்து மிக நுண்ணிய குழல்கள் சிலுவை வடிவில் நாற்புறமும் பிரிந்தன. மாஸ், பெரணி ஆகியவற்றின் நீந்தும் ஆண் செல்களிலோ அக்குழல்கள் ஒருபுறமாக அகன்ற பட்டைபோல் அமைந்திருக்கும். ஆகவே, ஃபிரிட்சியெல்லா நிலத்தாவரங்களின் பாட்டி அல்ல, தூரத்து உறவே. காரா முதலிய பாசிகளின் கூட்டமே அவற்றுக்கு நெருங்கிய சொந்தம் என்பது இன்றைய முடிவு.

இதனால் ஐயங்காரின் புகழ் குறைந்ததா? இல்லை. தாம் கண்டதைக் கண்டபடியே அவர் எழுதிவைத்தார். அது இன்றும் நிற்கிறது. மாறியது பிறர் கொண்ட கருத்தே. அவருடைய மாணவர் தேசிகாச்சாரி, ‘வால்வக்ஸ்’ இனப் பாசிகளைப் பற்றி இருவரும் எழுதிய பெருநூலை 1981-இல் வெளிவரச் செய்தார்.

அன்புத் தோழியரே! நம் ஆய்வுக்கூடத்து மைக்ரோஸ்கோப்பில் ஒருநாள் ஒரு துளி ஏரிநீரை வைத்துப் பாருங்கள். தெரிந்ததை மட்டும் வரையுங்கள். அவருடைய வழியும் அதுவே.