ஒற்றைப் பேருந்தில் தொடங்கிய ஜி.டி. நாயுடு

பெருந்தொழில் நடத்தும் ஒருவரைக் கண்டால், அவரிடம் பெட்டி நிறையப் பணம் முன்பே இருந்திருக்கும் என்று நாம் எண்ணுகிறோம். பணம் உள்ளவர் தொழில் தொடங்கலாம், இல்லாதவர் என்ன செய்ய முடியும் என்று வீட்டில் பெரியவர்கள் பேசிக்கொள்வதையும் கேட்டிருக்கிறோம். ஆனால் நம் தமிழ்நாட்டில் பிறந்த ஒருவர், கை நிறையப் பணம் இருந்தபோது செய்த வாணிகத்தில் அத்தனையும் இழந்தார். பிறகு கடன் வாங்கி வாங்கிய ஒரே ஒரு பேருந்தைக்கொண்டு பெருஞ்செல்வர் ஆனார். அவர்தாம் கோவை தந்த மேதை ஜி.டி. நாயுடு. பணத்தால் வராத வெற்றி அவருக்கு எதனால் வந்தது என்பதை அவருடைய வாழ்க்கையிலேயே காண்போம், வாருங்கள் தோழியரே!

இளமைப் பருவம்

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893ஆம் ஆண்டு மார்ச் மாதம் 23ஆம் நாள் கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் உழவர். தாயார் இவருடைய குழந்தைப் பருவத்திலேயே காலமாகிவிட்டார். பள்ளியில் சேர்க்கப்பட்ட சிறுவன் துரைசாமிக்கு ஓரிடத்தில் அமர்ந்து பாடங்களை ஒப்பிப்பது கசந்தது. ஆசிரியர் மீது மண்ணை வாரி வீசிவிட்டு ஓடும் குறும்புக்காரராக இருந்தார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் கூறுகிறார்கள். மூன்றாம் வகுப்போடு அவருடைய பள்ளிப் படிப்பு நின்றுபோயிற்று.

ஒருநாள் ஆங்கிலேய வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்ததை இளைஞர் துரைசாமி கண்டார். மாடு இழுக்காமல், குதிரை பூட்டாமல் தானே ஓடும் வண்டியைக் கண்டு வியந்தார். அது போன்ற வண்டி ஒன்று தமக்கும் வேண்டும் என்று உறுதி கொண்டார். கேட்டால் வாங்கித் தருவதற்கு வீட்டில் யாருமில்லை. ஆகவே கோயம்புத்தூருக்குச் சென்று ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். கூலியைச் சிறுகச் சிறுகச் சேர்த்தார். ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பணத்தில் 300 ரூபாய் கொடுத்து அந்த வண்டியை விலைக்கு வாங்கினார்.

வாங்கிய வண்டியில் ஊர் சுற்றி மகிழ்வதோடு அவர் நிற்கவில்லை. அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். எந்தச் சக்கரம் எதைச் சுழற்றுகிறது, பெட்ரோல் எங்கே சென்று எரிகிறது என்று பார்த்தார். கழற்றிய யாவற்றையும் மீண்டும் பொருத்தி வண்டியை ஓட வைத்தார். பள்ளிக்கூடத்தில் கற்க மறுத்தவருக்கு அந்த மோட்டார் சைக்கிளே பள்ளிக்கூடம் ஆயிற்று. வண்டி பழுதுபார்க்கும் தொழிலும் அவர் கைக்கு வந்தது.

இழப்பும் தெளிவும்

முதல் உலகப் போர் நடந்த காலத்தில் (1914–1918) அவர் திருப்பூரில் பருத்தி அரைக்கும் ஆலைத் தொழிலில் ஈடுபட்டார். பருத்திக்கு நல்ல விலை கிடைத்த காலம் அது. செல்வம் சேர்ந்தது. அந்தச் செல்வத்துடன் அவர் பம்பாய்க்குச் சென்று பெரிய அளவில் பருத்தி வாணிகத்தில் இறங்கினார். அங்கே வாணிகம் அவருக்குக் கைகொடுக்கவில்லை. சேர்த்த பொருள் யாவும் கரைந்துபோயிற்று. வெறுங்கையோடு ஊர் திரும்பினார்.

இந்த இடத்தில் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். திருப்பூரில் பருத்தி அவர் கண்முன் இருந்தது; இயந்திரம் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. பம்பாயிலோ நாளுக்கு ஒரு விலை விற்கும் சந்தையை நம்பி முதல் போட்டார். விலை ஏறுவதும் இறங்குவதும் அவர் கையில் இல்லை. உழைப்பு எவ்வளவு இருந்தாலும் அங்கே பயன்படவில்லை. அதே மனிதர்தான், அதே அறிவுதான். அவர் இறங்கிய தொழில்தான் வேறு.

முதல் பேருந்து

வெறுங்கையோடு வந்தவர் சோர்ந்து அமர்ந்துவிடவில்லை. தமக்கு நன்றாகத் தெரிந்தது எது என்று பார்த்தார். மோட்டார் வண்டி தெரியும். அப்போது கோயம்புத்தூரில் புகழ்பெற்ற தொழிலதிபராக விளங்கியவர் சர் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலேயர். நாயுடுவின் திறமையில் நம்பிக்கை வைத்த அவர் பேருந்து வாங்குவதற்குக் கடன் கொடுத்து உதவினார். 1920ஆம் ஆண்டு நாயுடுவின் முதல் பேருந்து பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓடத் தொடங்கியது. முதலாளியும் அவரே, ஓட்டுநரும் அவரே.

அவர் தேர்ந்தெடுத்த வழித்தடத்தைக் கவனியுங்கள். பொள்ளாச்சி பெரிய சந்தை ஊர். பழனியோ முருகன் அடியார்கள் ஆண்டு முழுவதும் நாடிச் செல்லும் திருத்தலம். இடையில் உடுமலைப்பேட்டை இருக்கிறது. மொத்தம் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். திண்டுக்கல்லிலிருந்து பழனி வழியாகப் பொள்ளாச்சி வரை ரயில் பாதை 1928ஆம் ஆண்டில்தான் வந்தது. அதற்கு முன் மக்கள் மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் போய்வந்த சாலை அது. தீபத் திருவிழாவின்போதும் பௌர்ணமியின்போதும் திருவண்ணாமலைப் பேருந்து நிலையத்தில் அலைமோதும் கூட்டத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆகையால் கோயில் உள்ள ஊருக்கு வண்டி விடுவதன் பொருள் நமக்கு எளிதில் விளங்கும். வாடிக்கையாளரைத் தேடி அலைய வேண்டியதில்லை. அவர்கள் ஏற்கெனவே சாலையில் நடந்துகொண்டிருந்தார்கள்.

பேருந்துத் தொழிலில் இன்னொரு நுட்பம் உண்டு. வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய வசூல் போய்விடும். ஆனால் கடனுக்கு வட்டி நிற்காது, ஆட்களின் சம்பளமும் நிற்காது. பழுதுபார்க்கத் தெரியாத முதலாளி மெக்கானிக்கின் வரவுக்காகக் காத்திருக்க வேண்டும். அவர் சொல்லும் கூலியையும் கொடுக்க வேண்டும். நாயுடுவுக்கு அந்தக் கவலை இல்லை. மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பூட்டிய அதே கைகள் பேருந்தையும் கவனித்துக்கொண்டன. வண்டி சொன்ன நேரத்திற்குப் புறப்படும், சொன்ன ஊர் போய்ச் சேரும் என்ற நம்பிக்கை பயணிகளுக்கு ஏற்பட்டால் அவர்கள் மறுநாளும் அதே வண்டிக்காகக் காத்திருப்பார்கள். பேருந்துத் தொழிலில் இந்த நம்பிக்கைதான் உண்மையான முதல்.

ஒரு பேருந்து பல பேருந்துகள் ஆயின. யு.எம்.எஸ். என்னும் அவருடைய நிறுவனம் பதின்மூன்று ஆண்டுகளுக்குள் இருநூறுக்கும் மேற்பட்ட பேருந்துகளோடு கொங்கு நாட்டுச் சாலைகளில் பெயர் பெற்று விளங்கியது.

ஓயாத ஆர்வம்

செல்வம் வந்த பின்னும் பொருள்களைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. சிறிய மோட்டாரும் மின்கலமும் கொண்டு இயங்கும் முகச்சவர இயந்திரத்தை உருவாக்கி ரேசண்ட் என்னும் பெயரில் வெளியிட்டார். மண்ணெண்ணெயால் ஓடும் மின்விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, தில்லுமுல்லு செய்ய முடியாத வாக்குப்பதிவு இயந்திரம் எனப் பலவற்றைச் செய்தார். 1937ஆம் ஆண்டு டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து இந்தியாவிலேயே தயாரான முதல் மின்மோட்டாரை உருவாக்கினார். இன்று நம் ஊர்க் கிணறுகளில் தண்ணீர் இறைக்கும் மோட்டார்களில் பலவும் கோயம்புத்தூரிலிருந்து வருகின்றன. அந்தத் தொழிலுக்கு அங்கே வேர் ஊன்றியவர்களில் இவரும் ஒருவர்.

எல்லா முயற்சியும் கைகூடியது என்று எண்ணிவிடாதீர்கள். 1952ஆம் ஆண்டு இருவர் அமரக்கூடிய சிறிய கார் ஒன்றை 2,000 ரூபாய் விலையில் மக்களுக்குத் தர முயன்றார். அரசு உரிமம் கிடைக்காததால் அந்த முயற்சி அத்தோடு நின்றது. அவர் மனம் வருந்தினார், ஆனால் ஓய்ந்துவிடவில்லை.

பள்ளியை விட்டவர் கட்டிய கல்லூரி

மூன்றாம் வகுப்போடு நின்றவரே இவ்வளவு சாதித்தாரே, நமக்குப் பொதுத்தேர்வு எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். அவர் செய்த அடுத்த காரியம் இதற்கு விடை தருகிறது. 1945ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தோன்றுவதற்கு அவர் தம் பொருளை வாரி வழங்கினார். அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயர் அவற்றுக்கு இடப்பட்டது. அந்தப் பொறியியல் கல்லூரிதான் வளர்ந்து இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குகிறது. அவிநாசி சாலையில் ஹோப் காலேஜ் என்ற நிறுத்தத்தின் பெயர் மட்டும் பழைய இடத்தை நினைவூட்டிக்கொண்டு நிற்கிறது. படிப்பு பயனற்றது என்று அவர் கருதியிருந்தால் கல்லூரிக்குப் பொருள் கொடுத்திருப்பாரா? கைத்தொழிலோடு சேராத ஏட்டுப் படிப்பைத்தான் அவர் வெறுத்தார். மாணவர்கள் பட்டறையில் நின்று கற்க வேண்டும் என்றும், ஆண்டுக்கணக்கில் நீட்டாமல் விரைவில் கற்றுத்தர முடியும் என்றும் வாதாடினார்.

1974ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் தமது 80ஆம் வயதில் அவர் இயற்கை எய்தினார். 2025ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் கோவை அவிநாசி சாலையில் திறக்கப்பட்ட ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீளமுள்ள மேம்பாலத்திற்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டுள்ளது. சாலையில் ஒற்றைப் பேருந்தோடு வாழ்வைத் தொடங்கியவருக்குச் சாலையிலேயே நினைவுச் சின்னம் அமைந்தது பொருத்தமே.

நமக்கு என்ன பாடம்?

நம் கீழ்பென்னாத்தூரில் பெருந்தொழிற்சாலைகள் நிறைந்திருக்கவில்லை. நெல், மணிலா, கரும்பு, கறவை மாடு, தையல், சிறு கடை ஆகியவைதாம் நம் பக்கத்துக் குடும்பங்களைக் காப்பாற்றுகின்றன. இங்கே ஒரு வீட்டில் தொழில் தொடங்க முதல் வேண்டுமென்றால், அது பெரும்பாலும் அம்மாவின் கழுத்திலோ காதிலோ இருக்கும் நகை. அல்லது மகளிர் சுய உதவிக் குழுவில் வாங்கும் கடன். அந்த முதல் போய்விட்டால் நகையோடு சேர்ந்து நம்மில் ஒருத்தியின் மேற்படிப்பும் போய்விடக்கூடும். ஆகவே ஜி.டி. நாயுடுவின் வாழ்க்கை நமக்கு வெறும் கதை அன்று.

பக்கத்து வீட்டார் செய்கிறார்களே என்று பார்த்துத் தொழில் தொடங்குவது பம்பாய்ப் பயணத்தைப் போன்றது. தையல் கடை வைப்பதற்கு முன் தையலை மட்டும் கற்றால் போதாது. இயந்திரத்துக்கு எண்ணெய் விடவும், நூல் அறுந்தால் காரணம் கண்டறியவும் கற்க வேண்டும். மாடு வாங்குவதற்கு முன் தீவனச் செலவையும் பாலின் விலையையும் நோட்டில் எழுதிக் கூட்டிப் பார்க்க வேண்டும். நம் பொருளைத் தேடி ஏற்கெனவே யார் நடந்துகொண்டிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். சொன்ன நாளில் துணியைத் தைத்துக் கொடுக்க வேண்டும். ஒன்று நன்றாக ஓடிய பிறகே இரண்டாவதை வாங்க வேண்டும்.

கடன் கொடுத்தவர் நாயுடுவின் பெட்டியைப் பார்த்துக் கொடுக்கவில்லை, கையைப் பார்த்துக் கொடுத்தார். அத்தகைய கை நமக்கும் அமைய வேண்டுமானால், இப்போதிருந்தே எதையும் தொட்டுப் பார்த்து, செய்து பார்த்து, கணக்குப் போட்டுப் பார்த்துக் கற்போம். நம் பெற்றோர் நம்மேல் வைத்த முதலுக்கு வட்டியும் முதலுமாகப் பெருமை சேர்ப்போம்.

வாழ்க ஜி.டி. நாயுடுவின் புகழ்! வளர்க அவர் காட்டிய உழைப்பு!

— பத்தாம் வகுப்பு மாணவி, கீழ்பென்னாத்தூர்