மகேந்திரலால் சர்க்கார்

மகேந்திரலால் சர்க்கார் (நவம்பர் 2, 1833 – பெப்ரவரி 23, 1904) கல்கத்தாவில் வாழ்ந்த வங்காள மருத்துவரும், இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தை நிறுவியவரும் ஆவார். பொதுமக்களுக்கான அறிவியல் சொற்பொழிவுகளை இக்கழகத்தின் வாயிலாகப் பல்லாண்டுகள் நடத்தினார். சி. வி. இராமன் தமது புகழ்பெற்ற கண்டுபிடிப்பை நிகழ்த்தியது இக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தில்தான்.

இளமையும் கல்வியும்

இவர் வங்காளத்தின் ஹவுரா மாவட்டத்தில் உள்ள பைக்பாரா என்னும் சிற்றூரில் பிறந்தார். ஐந்து வயதில் தந்தையையும், ஒன்பது வயதில் தாயையும் இழந்தார். கல்கத்தாவில் இருந்த தாய்மாமன்மார் இவரை வளர்த்தனர். ஹேர் பள்ளியிலும், உதவித்தொகை பெற்று இந்துக் கல்லூரியிலும் பயின்றார். அறிவியலைக் கற்கும் ஆவலால் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அக்காலத்தில் அறிவியலை முறையாகக் கற்பதற்கு ஓர் இந்திய மாணவனுக்கு இருந்த வழி பெரும்பாலும் மருத்துவப் படிப்பே. 1863 இல் எம். டி. பட்டம் பெற்றார். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் அப்பட்டத்தைப் பெற்ற இரண்டாமவர் இவர்.

ஓமியோபதிக்கு மாறுதல்

தொடக்கத்தில் ஓமியோபதியை வன்மையாக எதிர்த்த சர்க்கார், அதனைப் பற்றிய நூலொன்றுக்கு மதிப்புரை எழுத நேர்ந்தபோது, பார்க்காமல் எழுதுவது முறையன்று எனக் கருதி, இராசேந்திரலால் தத்தர் என்பவரின் சிகிச்சைகளை நேரில் கவனித்தார். 1867 இல் பிரித்தானிய மருத்துவச் சங்கத்தின் வங்காளக் கிளைக் கூட்டத்திலேயே தம் மனமாற்றத்தை வெளிப்படையாக அறிவித்தார். உடன் மருத்துவர்கள் இவரை விலக்கி வைத்தனர்; சில காலம் நோயாளிகளும் வரவில்லை. இன்றைய மருத்துவ ஆய்வுகள் ஓமியோபதியின் கோட்பாடுகளை ஏற்பதில்லை. ஆயினும் தாம் கண்டதாக நம்பியதை வருவாய் இழந்தும் சொல்லத் துணிந்த இயல்பு இவருடைய பிற்காலப் பணிகளிலும் காணப்படுகிறது. 1868 இல் தாம் தொடங்கிய கல்கத்தா மருத்துவ இதழிலேயே அறிவியல் கழகம் பற்றிய எண்ணத்தையும் அடுத்த ஆண்டில் வெளியிட்டார்.

கழகத்தின் தோற்றம்

இலண்டனில் இருந்த ராயல் இன்ஸ்டிடியூஷனைப் போன்று, சொற்பொழிவும் ஆய்வும் ஒரே கூரையின் கீழ் நடைபெறும் நிறுவனம் ஒன்று இந்தியர்களின் பொருளுதவியாலும் நிருவாகத்தாலும் இயங்க வேண்டும் என்பது இவரது திட்டம். நிதி திரட்ட ஆண்டுகள் பல ஆயின. ஏழை நாட்டிற்கு முதலில் வேண்டியது தொழிற்கல்வியே, அடிப்படை அறிவியல் அன்று என்று ஒரு சாரார் வாதிட்டனர். பெல்சியத்தில் பிறந்த இயேசு சபைத் துறவியும் புனித சவேரியார் கல்லூரியின் இயற்பியல் ஆசிரியருமான யூஜின் லாபோன் இவ்விவாதத்தில் சர்க்காரின் பக்கம் நின்றார். வங்காளத் துணைநிலை ஆளுநர் ரிச்சர்ட் டெம்பிளின் ஆதரவுடன், 1876 சூலை 29 அன்று பௌபசார் தெரு 210 ஆம் இலக்கக் கட்டடத்தில் கழகம் தொடங்கியது.

சொற்பொழிவுகள்

கழகத்தின் முதற்பணி மாலைநேரச் சொற்பொழிவுகளாக அமைந்தது. இயற்பியலை லாபோனும் சர்க்காருமே கற்பித்தனர். லாபோன் ஒளி, ஒலி, மின்சாரம் ஆகியவற்றைக் கருவிகளை மேடையிலேயே இயக்கிக் காட்டி விளக்குவதில் வல்லவர். அவரிடம் கல்லூரியில் பயின்றவர்களுள் ஜகதீஷ் சந்திர போஸும் ஒருவர். 1885 இல் இங்கிலாந்திலிருந்து திரும்பிய போஸ் இக்கழகத்திலும் வகுப்புகள் நடத்தினார். அசுதோஷ் முகர்ஜி கணிதம் குறித்தும், பிரமதநாத் போஸ் நிலவியல் குறித்தும் உரையாற்றினர். உரைகள் ஆங்கிலத்தில் அமைந்ததால் ஆங்கிலம் கற்ற நகரத்தாரே பெரும்பாலும் பயன்பெற்றனர் என்பது இம்முயற்சியின் எல்லையைக் காட்டுகிறது.

பின்னர் விரிவுரை மண்டபமும், தெற்கேயிருந்த விசயநகரச் சமத்தான மன்னரின் கொடையால் விசயநகர ஆய்வுக்கூடமும் எழுந்தன.

நிறைவேறாத நோக்கம்

சொற்பொழிவு சர்க்காருக்கு வழியே அன்றி முடிவன்று. கேட்டவர்களுள் சிலரேனும் ஆய்வாளர்களாக வேண்டும் என்பதே இவரது வேட்கை. ஆனால் உரையாற்றியோர் அனைவரும் வேறு பணிகளில் இருந்துகொண்டு மாலையில் வந்தவர்கள். முழுநேரப் பேராசிரியர்களை அமர்த்த நிலையான அறக்கட்டளை தேவைப்பட்டது. கட்டடத்திற்கும் கருவிகளுக்கும் கொடுத்த செல்வர்கள் ஆளுக்குக் கொடுக்க முன்வரவில்லை. ஆண்டுக் கூட்டங்களில் இக்குறையை இவர் திரும்பத் திரும்ப எடுத்துரைத்தார். இதற்கிடையே 1887 இல் கல்கத்தாவின் ஷெரீப்பாகவும் இருந்தார். 1885 இல் இராமகிருஷ்ண பரமஹம்சரின் தொண்டை நோய்க்குச் சிகிச்சை அளித்தபோது அவருடன் நெடுநேரம் வாதிட்டதும் பலரும் அறிந்ததே.

இறுதி ஆண்டுகளில், தம் வாழ்நாள் முயற்சி தோற்றுவிட்டதாகவே சர்க்கார் கருதினார். அவர் காலமானபோது கழகத்தில் நல்ல கருவிகள் இருந்தன. அவற்றைக் கொண்டு தொடர்ந்து ஆராய்வோர் இல்லை.

மறைவுக்குப் பின்

மகன் அமிர்தலால் சர்க்கார் செயலாளர் பொறுப்பேற்றுக் கழகத்தை மூடாமல் காத்தார். 1907 இல் நிதித்துறை அலுவலராகக் கல்கத்தா வந்த இளைஞர் இராமன், டிராமில் செல்லும்போது கழகத்தின் பெயர்ப்பலகையைக் கண்டு உள்ளே சென்றார். அமிர்தலால் அவரை வரவேற்று ஆய்வுக்கூடத்தைத் திறந்துவிட்டார். அலுவலக நேரத்திற்கு முன்னும் பின்னும் அங்கு ஆராய்ந்த இராமன், கழகத்தின் சொற்பொழிவு மேடையிலும் பேசினார். அமிர்தலாலின் மறைவுக்குப் பின் 1919 இல் அவரே செயலாளரானார். 1928 பெப்ரவரி 28 அன்று, கே. எஸ். கிருஷ்ணனின் துணையுடன், பௌபசார் தெருக் கட்டடத்தில் இராமன் விளைவு கண்டறியப்பட்டது. கழகம் பிற்காலத்தில் யாதவ்பூருக்கு இடம் மாறியது.