நடுங்குற பிளேனரும் டி லாவலும்

திருவேட்டக்குடி பக்கத்துல ஒரு மரப்பட்டறை. அங்க பிளேனர் ஓட ஆரம்பிச்சா, பெஞ்சுல வச்ச டீ கிளாஸ் தானா நகரும். இழைச்ச பலகையைத் தடவிப் பார்த்தா சின்னச் சின்ன அலை மாதிரி வரிகள். பட்டறை அண்ணன் அதை மறுபடியும் இழைப்புளி போட்டுக் கையால சரி பண்றார். ஒரே கதவுக்கு ரெண்டு தடவை வேலை, கூலி மட்டும் ஒண்ணு. இந்த நடுக்கத்தைக் குறைக்கிறதுதான் எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். அதுக்காகப் படிக்க உட்கார்ந்தப்ப திரும்பத் திரும்ப வந்த பேர், குஸ்டாஃப் டி லாவல்.

1845-ல் ஸ்வீடனில் ஓர்சா என்ற ஊரில் பிறந்தவர். ஸ்டாக்ஹோமில் 1866-ல் மெக்கானிக்கல் முடித்தார். ஒரு சுரங்கக் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு மறுபடி படிக்கப் போய், 1872-ல் உப்சாலாவில் டாக்டர் பட்டம் வாங்கினார்.

அவரை ஊரறிய வைத்தது பால். அந்தக் காலத்துல ஏடு தானா மிதந்து மேல வர்ற வரைக்கும் மணிக்கணக்கா காத்திருக்கணும். பாலை வேகமாகச் சுழற்றினால் கனமான பகுதி வெளியே போகும், ஏடு நடுவில் சேரும். இந்த யோசனையை வைத்து 1878-ல் நிற்காமல் ஓடும் செபரேட்டரைச் செய்தார். 1883-ல் ஆஸ்கர் லாமுடன் சேர்ந்து தொடங்கிய கம்பெனிதான் இன்றைய ஆல்ஃபா லாவல்.

செபரேட்டரைச் சுற்ற வேகம் வேணும். அந்தத் தேடல் அவரை நீராவி டர்பைனில் கொண்டுபோய் விட்டது. நடுவில் குறுகி, பிறகு விரியும் ஒரு நாசிலை வடிவமைத்தார். அதில் நீராவி ஒலியின் வேகத்தையே தாண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பும் ராக்கெட்டுகளின் வாலில் இருப்பதும் அதே வடிவம்தான்.

ஆனா சிக்கல் இங்கதான். அவருடைய டர்பைன் சக்கரம் நிமிடத்துக்கு 30,000 சுற்று வரை ஓடியது. எவ்வளவு நுணுக்கமா கடைஞ்சாலும் சக்கரத்தின் எடை மையம் தண்டின் நடுவில் கச்சிதமா உட்காராது. ஒவ்வொரு தண்டுக்கும் ஒரு ஆபத்தான வேகம் உண்டு. அதை நெருங்கினால் தண்டு வில்லாக வளைந்து ஆடும். அந்த வேகத்தைத் தாண்டி ஓட்டவே முடியாது என்று 1869-ல் ராங்கின் எழுதிவிட்டார். ராங்கின் சொன்னா யார் மறுப்பாங்க? யாரா இருந்தாலும் தண்டைத் தடிமனாக்கத்தான் பார்த்திருப்பாங்க. டி லாவல் மெலிதாக்கினார். வளையும் தண்டு அந்த வேகத்தைச் சீக்கிரமே கடந்துவிடும். கடந்த பிறகு சக்கரம் தன் எடை மையத்தைச் சுற்றியே சுழலத் தொடங்கும், ஆட்டம் அடங்கும். இதற்கான கணக்கை 1895-ல் ஃபோப்பலும், 1919-ல் ஜெஃப்காட்டும் எழுதினார்கள். மெஷின் முதல்ல ஓடிடுச்சு, தியரி பிறகுதான் வந்தது. எனக்கு அவரிடம் ரொம்பப் பிடிச்ச விஷயம் இது.

பணம் மட்டும் அவர் கையில் நிற்கவில்லை. 92 காப்புரிமைகள், 37 கம்பெனிகள். ஒன்றில் வந்ததை அடுத்த யோசனையில் போட்டார். பல வருஷம் பாடுபட்ட பால் கறக்கும் மெஷின் விற்பனைக்கு வந்தது 1918-ல். அவரோ 1913 பிப்ரவரியிலேயே, கடனாளியாகவே இறந்துபோனார்.

மெலிசான தண்டு எங்க பிளேனருக்கு ஆகாது. கத்தி உருளை கொஞ்சம் வளைஞ்சாலும் பலகை மேடு பள்ளமாயிடும். அதனால தண்டு ஆபத்தான வேகத்துக்குக் கீழேதான் ஓடணும், எடை சமமா இருக்கணும். கணக்குப் போட்டுப் பார்த்தோம். மையத்திலிருந்து 50 மில்லிமீட்டர் தள்ளி 5 கிராம் வித்தியாசம் இருந்தால், 5,000 சுற்றில் அது சுமார் 7 கிலோ எடைக்குச் சமமான விசையாக மாறி, நொடிக்கு 83 தடவை பேரிங்கை உலுக்கும். சாணை பிடிக்கப் பிடிக்க ஒரு கத்தி மட்டும் தேய்ந்துபோனால் இதுதான் நடக்கும்.

நகைக்கடைத் தராசு மாதிரி ஒண்ணைக் கடன் வாங்கிட்டுப் போய் மூணு கத்தியையும் நிறுத்துப் பார்த்தோம். ஒண்ணு 4 கிராம் குறைவு. மத்த ரெண்டையும் அதே எடைக்குச் சாணை பிடிச்சு மாட்டினதும் டீ கிளாஸ் நின்னுடுச்சு. பலகையில வரி குறைஞ்சிருக்கு, முழுசா போகல. பேரிங்கைக் கழட்டிப் பார்க்கணும்னு அண்ணன் சொல்றார். ஆர்டர் முடியட்டும்னு காத்துட்டிருக்கோம்.